நுரை வராத சோப்பைத் திருப்பி அனுப்புவது குறித்து

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. முதல் வரியில் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை என்பதால் நலமாக இருக்கிறேன். உங்கள் அத்தையும் நலம். என் முகவாய்க்கட்டை மட்டும் நலமில்லை, அதில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. அங்கே நீங்களும் என் மகளும் எங்கள் பேத்தி உருண்டையும் உங்கள் அப்பா அம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள். உங்கள் அப்பா நிச்சயமாகச் சௌக்கியமாக இருப்பார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் சிரித்த சிரிப்பு போனில் எனக்கு நன்றாகவே கேட்டது.

மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தக் கூடாது என்று உங்கள் அத்தை சொல்லியிருக்கிறாள். அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். காகிதத்தில் குரல் உயராது. அங்கங்கே எழுத்து அழுத்தமாக விழுந்து தாள் கிழிந்திருந்தால் அது பேனாவின் கோளாறு என்று எடுத்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு நீங்கள் ஒரு பெட்டி அனுப்பினீர்கள். உள்ளே மரப்பிடி போட்ட பிரஷ், கைப்பிடி வைத்த கனமான பீங்கான் குவளை, குவளையின் அடியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்த ஒரு வட்டச் சோப்பு, கூடவே ஐந்து வரிகள் அச்சடித்த துண்டுச் சீட்டு. "இனிமே ஆபீசுக்கு ஓட வேண்டாம் மாமா, நிதானமா ஷேவ் பண்ணுங்க" என்று நீங்கள் கைப்பட எழுதிய அட்டையைப் படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. நாற்பது வருஷமாக டியூபில் இருக்கும் கிரீமைப் பிதுக்கி, முகத்தில் தடவி, மூன்று நிமிஷத்தில் வழித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியவன் நான். மாப்பிள்ளை நம்மை ஒரு மனுஷனாக மதித்து ராஜா மாதிரி ஷேவ் பண்ணச் சொல்கிறாரே என்று அன்றைக்கே டியூபைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

சீட்டில் முதல் வரி, 'சோப்பின் மேல் சிறிதளவு நீர் விடவும்.' சிறிதளவு என்றால் எவ்வளவு மாப்பிள்ளை? முப்பத்தோரு வருஷம் மில்லிலிட்டர் கணக்கில் வாழ்ந்தவனிடம் சிறிதளவு என்றால் அவன் என்ன செய்வான்? அரைக் குவளை விட்டேன். சுற்றினேன். பாத்திரம் கழுவிய தொட்டி மாதிரி நாலு குமிழி வந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக உடைந்தது. மிச்சத்தை முகத்தில் பூசினால் கழுத்து வழியாக இறங்கி பனியனுக்குள் போய்விட்டது. சரி, தண்ணீர் அதிகம் என்று மறுநாள் பிரஷை மட்டும் லேசாக நனைத்துச் சுற்றினேன். சுவரில் பூசுகிற பட்டி மாதிரி ஒரு பசை வந்தது. அதை முகத்தில் தேய்த்ததும் பிரஷ் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு, நான் இழுக்க, அதன் முடி நாலைந்து என் முகத்திலேயே தங்கிவிட்டது. எடுக்க வேண்டிய முடி போதாதென்று வந்து சேர்ந்த முடியையும் நான்தான் எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் 'ஒரு நிமிடம் வட்டமாகச் சுற்றவும்' என்று போட்டிருந்ததை ஆறு நிமிஷம், கடிகாரத்தைக் கண்ணாடி முன்னால் வைத்துக்கொண்டு சுற்றினேன். மணிக்கட்டு வீங்கியது. குவளையில் நுரைக்குப் பதிலாக அழுக்கு நிறத்தில் திரிதிரியாக ஏதோ மிதந்தது. நுரை இல்லாத கன்னத்தில் பிளேடு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் என் முகவாயை வந்து பாருங்கள்.

நாலாம் நாள் உங்கள் அத்தை முட்டை அடிக்கிற மிஷினை எடுத்தேன். அதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள். அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தது உங்கள் சோப்பு. சுவிட்சைப் போட்டதும் குவளையில் இருந்ததெல்லாம் கண்ணாடி, கூரை, துவைத்துக் காயப்போட்டிருந்த அத்தையின் புடவை என்று ஒன்று விடாமல் போய் ஒட்டிக்கொண்டது. என் முகத்தில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. அன்றிலிருந்து சமையலறைக்குள் எனக்குத் தடை. வெந்நீர் வேண்டுமே என்று அடுப்புக்குப் பக்கத்தில் மூடிவைத்திருக்கும் பெரிய பாத்திரத்தில் கைவைத்தால், "அதைத் தொடாதீங்க, குழாய்ல பிடிச்சுக்குங்க" என்று சீறுகிறாள். அது போதாதென்று தினமும் காலை பத்தரை மணி ஆனால் போதும், லைப்ரரிக்குப் போங்கள், காற்றாட நடங்கள் என்று வீட்டைவிட்டுத் துரத்துகிறாள். ஓய்வு பெற்றவனுக்குத் தன் சொந்த வீட்டில் பதினோரு மணிவரை உட்காரக்கூட உரிமை இல்லை. இதுவும் உங்கள் சோப்பால் வந்த வினை என்றே நினைக்கிறேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். முகம் என் முகம், நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எப்படிப் பொறுப்பது? உங்கள் பரிசு எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். நான் நாகரிகமாக, சோப்பு கொஞ்சம் நுரைக்கத் தயங்குகிறது என்றுதான் சொன்னேன். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் உங்கள் அப்பாவையும் உட்காரவைத்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "சோப்புல ஒண்ணும் இல்ல மாமா, உங்க ஊர் தண்ணி உப்பா இருக்கும். சோப்பு நுரைக்கலன்னா அது கடினத் தண்ணின்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க." ஆமாம், சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, பாட்டிலில் தண்ணீரும் சோப்புக் கரைசலும் விட்டுக் குலுக்கி, நுரை நிற்கிறதா பார்ப்பதுதான் பழைய சோதனை என்று இரண்டு மணி நேரம் விளக்கினேன். என் வித்தையை என் மேலேயே திருப்புவீர்கள் என்று அப்போது தெரிந்திருந்தால் பெண்ணைக் காட்டியிருக்க மாட்டேன். கோபத்தில் எழுதிவிட்டேன், இந்த வரியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன வாயை மூடுவதற்குள் என் மகள் பிடித்துக்கொண்டாள். போன தடவை வந்தபோது உருண்டைக்கு முதுகெல்லாம் சிவந்துபோனது அதனால்தானா, அப்படியென்றால் பேசிவைத்தபடி லீவுக்கு வந்து ஒரு மாதம் எல்லாம் தங்க முடியாது, இரண்டு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டு மிச்ச லீவைத் தன் மாமனார் வீட்டிலேயே கழித்துக்கொள்கிறேன் என்றாள். அப்போதுதான் உங்கள் அப்பா சிரித்தார். "எங்க வீட்டுத் தண்ணில எந்த சோப்பும் நுரைக்கும் சம்பந்தி" என்று வேறு சொன்னார். மாப்பிள்ளை, உருண்டைக்கு அடுத்த மாதம் பதினோரு மாதம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று நீங்கள்தான் படம் அனுப்பினீர்கள். நிற்கிற குழந்தை அடுத்து என்ன செய்யும்? நடக்கும். அவள் முதல் அடியை எடுத்துவைக்கப்போவது என் வீட்டு ஹாலில் என்று நான் மேஜைகளின் கூரான மூலைக்கெல்லாம் துணி சுற்றி வைத்திருக்கிறேன். அந்த அடியை இப்போது உங்கள் அப்பா வீட்டு ஹாலில், உங்கள் அப்பா முன்னால் வைக்கப்போகிறாள். ஒரு சோப்புக்காக. அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நான் யார் என்பதை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. இந்த ஊரின் நீர் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஒன்பது மணிக்குச் சுத்திகரிப்பு நிலையத்து வாசலில் நின்று, தண்ணீர் வெளியே வருகிற பெரிய குழாயிலிருந்து என் கையால் சாம்பிள் பிடித்து, என் கையால் சோதித்து, 'குடிக்க, குளிக்க, துவைக்க உகந்தது' என்று அடியில் கையெழுத்துப் போட்டவன். ஒரு திங்கள் தவறியதில்லை. உங்கள் கல்யாணத்துக்கு மறுநாள்கூட ஒரு திங்கட்கிழமைதான், போய்ப் பிடித்துவிட்டுத்தான் வந்தேன். அந்தக் கையெழுத்தைப் பொய் என்கிறீர்கள். அதுவும் ஸ்பீக்கரில்.

தண்ணீர் மோசம் என்றால் உங்கள் அத்தை போடுகிற டீ எப்படி இருக்கிறது? நீங்களும் குடித்திருக்கிறீர்கள். வடிகட்டின தேன் நிறம், மேலே ஒரு திரை கிடையாது, அடியில் ஒரு வண்டல் கிடையாது. முன்னெல்லாம் சுமாராகத்தான் இருக்கும், கடந்த ஆறு வருஷமாகத்தான் இந்த மாதிரி வருகிறது. எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தின் புது வடிகட்டிப் படுகை வந்ததும் கிட்டத்தட்ட அப்போதுதான். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பாருங்க, இதுதான் நம்ம ஊர் தண்ணி" என்று சொல்லிவருகிறேன். மறுத்துப் பேசின ஆள் கிடையாது. உங்கள் அத்தையே ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள், அவ்வளவு அடக்கம்.

சரி, நிரூபித்துக் காட்டுகிறேன் என்று திங்கட்கிழமையே குவளையைத் தூக்கிக்கொண்டு சலூனுக்குப் போனேன். சலூன்காரர் இருபது வருஷப் பழக்கம். சோப்பைப் பார்த்தார், முகர்ந்தார், நல்ல சரக்கு சார் என்றார். பிரஷை ஊறவைத்து, எடுத்து நன்றாக உதறிவிட வேண்டும், சோப்பின் மேல் மெதுவாகச் சுற்ற வேண்டும், நுரையைக் குவளையில் தேடக் கூடாது, அது கன்னத்தில்தான் வரும், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். இதை அந்தச் சீட்டில் எழுதினால் என்ன குறைந்துபோகும்? பிறகு அவருடைய கிரீமைக் கொஞ்சம் எடுத்து, கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கும் பாட்டிலிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி, அரை நிமிஷத்தில் என் முகத்தை நுரையில் மூழ்கடித்துவிட்டார். "இது என்ன தண்ணி?" என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தண்ணிதான் சார்" என்றார். ஊர்த் தண்ணீரில் ஊர் சலூனில் நுரை வருகிறது மாப்பிள்ளை. வீட்டுக்கு வந்து அவர் சொன்ன முறைப்படி, உதறி, சுற்றி, சொட்டுச் சொட்டாகக் குழாய்த் தண்ணீர் விட்டு உங்கள் சோப்பைப் போட்டால் மறுபடியும் அதே திரிதிரி. முறை சரி, தண்ணீர் சரி என்றால் தப்பு எதில் இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் மாப்பிள்ளை மனசு நோகும்.

அதோடு விட்டேனா? புதன்கிழமை எங்கள் கட்டடத்தில் குடியிருக்கிற அத்தனை பேரையும் மாடிப்படி முகப்புக்கு வரச்சொல்லி, ஸ்டூல் போட்டு, ஒரு வாளி குழாய்த் தண்ணீர் வைத்து, எல்லோர் முன்னாலும் செய்து காட்டினேன். மேல்வீட்டு டெய்லர் கடையை அடைத்துவிட்டு வந்தார். பத்து நிமிஷம் சுற்றினேன். வியர்வை வந்தது, நுரை வரவில்லை. கீழ்வீட்டு டீச்சர் மட்டும், தன் வீட்டுக் கெட்டிலில் வெள்ளையாகப் படிந்துகொண்டே இருக்கிறதே என்று ஏதோ ஆரம்பித்தார். அது எலும்புக்கு நல்லது என்று அங்கேயே விளக்கம் கொடுத்துவிட்டேன். அப்புறம் அந்த அம்மா, "விட்டுடுங்க சார், கை வலிக்கும்" என்றார். சோப்புதானே மோசம் என்று கேட்டேன், ஒருத்தர் விடாமல் தலையாட்டினார்கள். படிக்கட்டே சாட்சி.

ஆகவே என் முடிவு இது. உங்கள் சோப்பு, குவளை, முடி போன பிரஷ் மூன்றையும் தனிப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். சோப்புதான் மோசம், தண்ணீர் இல்லை என்று நீங்கள் உங்கள் அப்பா பக்கத்தில் இருக்கும்போது, அதே ஸ்பீக்கரில், அதே சத்தத்தில் சொல்ல வேண்டும். உருண்டை ஒரு மாதம் முழுக்க, முப்பது நாளில் ஒரு நாள் குறையாமல் இங்கே இருக்க வேண்டும். தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் வர வேண்டாம், குழந்தையை மட்டும் அனுப்பினால் போதும். இதில் எனக்குக் கோபம் துளியும் இல்லை.

எல்லோரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். என் மகளுக்கு ஆசிகள். உருண்டையின் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு முத்தம், என் சார்பில், ஷேவ் பண்ணிய யாராவது கொடுக்கவும். உங்கள் அம்மாவுக்கு வணக்கம். உங்கள் அப்பாவுக்கும், வேறு வழியில்லாததால், வணக்கம்.

இப்படிக்கு,
சவரம் செய்யாத முகத்துடன்,
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியாகிவிட்டது. மறுபடியும் பிரித்து எழுதுகிறேன், உறை கசங்கியிருப்பதற்கு மன்னிக்கவும்.

பத்தரை மணிக்கு வழக்கம்போல் துரத்தப்பட்டுத் தபாலில் போடக் கிளம்பினேன். தெருமுனை போனதும்தான் மூக்குக்கண்ணாடி மேஜையிலேயே இருக்கிறது என்று தெரிந்தது. திரும்பி, பின்பக்கமாகப் போனால் சீக்கிரம் என்று அந்தப் படிக்கட்டில் ஏறினால், எனக்கு முன்னால் ஒருவர் தோளில் இருபது லிட்டர் தண்ணீர் கேனோடு ஏறிக்கொண்டிருக்கிறார். யார் வீட்டுக்கு என்று கேட்டேன். என் வீட்டு எண்ணைச் சொன்னார். "ஆறு வருஷமா போடறேன் சார். நீங்க யாரு, புதுசா குடி வந்திருக்கீங்களா?" என்றார்.

உங்கள் அத்தை சமையலறை வாசலில் பெரிய பாத்திரத்தின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். டீ, சமையல், அவள் தலைக்குக் குளிக்கிறது எல்லாம் ஆறு வருஷமாகக் கேன் தண்ணீர். நான் ஆபீசில் இருக்கும்போது வந்துகொண்டிருந்தது. நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும்தான் அவளுக்கு இந்தப் பத்தரை மணிப் பிரச்சினை. என் மகளுக்குத் தெரியும், கல்யாணத்துக்கு முன்னால் அவளே பின்படியில் கேன் உருட்டியிருக்கிறாள். டீச்சர், டெய்லர் எல்லோர் வீட்டிலும் கேன்தான். சலூன்காரருடைய பாட்டிலில் இருப்பதும் அதேதான். ஊரே சேர்ந்து ஒருத்தனிடம் மறைத்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். அவள் சத்தமே போடாமல் சொன்னாள்: "நீங்க கையெழுத்துப் போட்ட தண்ணிய வேண்டாம்னு எந்த வாயால சொல்றது?"

பிறகு பாட்டிலை எடுத்து, நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினேன், நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே சோதனை. நுரை நிற்கவில்லை. சுத்திகரிப்பு நிலையத்து வாசலில் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது மாப்பிள்ளை, அதில் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து எங்கள் தெருவுக்கு வருவதற்குள் அதில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் கலக்கிறது என்று நான் பார்த்ததில்லை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு திங்கட்கிழமைகூட என் சொந்த வீட்டுக் குழாயில் சாம்பிள் பிடித்ததில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அப்புறம் கேன் தண்ணீரில் ஒரு கிண்ணம் சுடவைத்துக்கொண்டு, பிரஷை ஊறவைத்து, உதறி, சுற்றி, சொட்டுச் சொட்டாக விட்டேன். கன்னத்தில் நுரை வந்தது. வந்துகொண்டே இருந்தது. காதுவரை போனது. உங்கள் அத்தை வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு ஷேவ் செய்துகொண்டதில்லை. சோப்பைத் திருப்பி அனுப்பவில்லை, பார்சலைப் பிரித்தாகிவிட்டது. முடிந்தால் இன்னொரு பிரஷ் அனுப்பவும்.

மேலே இருக்கிற எட்டுப் பக்கத்தில் நான் கேட்டது எதுவும் வேண்டாம். உங்கள் அப்பாவிடம் மட்டும், சோப்பு புது ஊருக்குப் பழகக் கொஞ்சம் நாளாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளுங்கள், அந்த அளவு எனக்கு உதவி செய்யுங்கள். எனக்கு உருண்டை முதல் அடி வைப்பதைப் பார்க்க வேண்டும். இத்தனை பக்கமும் அதற்குத்தான். நீங்கள் மூன்று பேரும் வாருங்கள். உருண்டை குளிப்பதற்கென்று தினமும் இரண்டு கேன் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதர் தயங்கித் தயங்கி, எப்பவும் போல பத்தரைக்குப் பின்படியில் வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நேரம் பார்க்காமல் முன்வாசல் வழியாகவே வாருங்கள், கதவை நானே திறந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.